மாத்திரைச் சீட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே: சமூக மனநலப் பராமரிப்பு என்றால் என்ன?

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால் ஒரு சிற்றூர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். சில வாரங்களாக அவனுக்கு ராத்திரியில் தூக்கமில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்கிறான். அம்மா போட்ட சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். இவன் நான் கற்பனை செய்துகொண்ட பையன்தான். ஆனால் இப்படி ஒருவன் எந்த மலைக் கிராமத்திலும் இருக்கலாம்.

வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? காத்து கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரிப்பார்கள், தாயத்து கட்டுவார்கள், குறி கேட்கப் போவார்கள். அதில் சில மாதங்களும் கொஞ்சம் கடனும் போகும். அப்புறம் யாரோ சொல்லி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். மனநலப் பிரிவில் டாக்டர் பார்க்கிறார், மருந்து தொடங்குகிறது, சில வாரங்களில் பையன் தெளிகிறான். தூங்குகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கக்கூடச் செய்கிறான். கையில் ஒரு மாத மாத்திரையோடு வீடு திரும்புகிறான்.

சிக்கல் தொடங்குவதே இங்கேதான். அடுத்த மாதம் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அம்மாவுக்கு வருஷத்தில் கூலி நிச்சயமாகக் கிடைக்கும் சில மாதங்களில் அது ஒன்று. மாத்திரை வாங்கச் சேலம் போனால் அன்றைய கூலி போகும். பஸ் செலவு வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஓ.பி. வரிசையில் நின்று, திரும்பி மலையேறி ஊர் சேர்வதற்குள் கடைசி பஸ் போய்விடக்கூடும். “அவன்தான் நல்லா இருக்கானே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று தோன்றுவது இயல்பு. மாத்திரை தீர்கிறது. தை முடிவதற்குள் பையன் மறுபடியும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் டாக்டர் சரியாகத்தான் பார்த்தார். மருந்தும் வேலை செய்தது. அம்மா மகனைக் கைவிடவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியை நோயாளி வாழும் ஊரிலேயே, அங்கே ஏற்கெனவே நடமாடும் மனிதர்களைக் கொண்டு நிரப்புவதைத்தான் சமூக மனநலப் பராமரிப்பு என்கிறோம். ஊரில் ஒரு மனநல மருத்துவமனை கட்டுவது இதன் வேலை இல்லை. யாருக்கோ ஏதோ சரியில்லை என்று சீக்கிரம் கவனிப்பது, சரியான இடத்துக்கு அனுப்புவது, திரும்பி வந்தவரின் சிகிச்சை நின்றுபோகாமல் பார்ப்பது, அவரை மறுபடி வேலைக்கும் உறவுக்கும் கொண்டுவருவது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அது.

மனநல டாக்டர்களை அதிகப்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். அதிகப்படுத்தத்தான் வேண்டும். 2015-16ல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. சிகிச்சை பெறாதவர்களின் பங்கு நோய்க்கு நோய் மாறி, 70 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு மேல் வரை போகிறது. நாட்டில் மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கைக்கூட எட்டவில்லை. எத்தனை பேர் படித்து வந்தாலும் ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் ஒரு டாக்டர் உட்காரப் போவதில்லை. அப்படி உட்கார்ந்தாலும், பையன் இன்று மாத்திரை போட்டானா என்பது டாக்டருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியும்.

பூட்டிய வார்டிலிருந்து ஊருக்கு

சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794லேயே வந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் அதுதான். நெடுங்காலம் மனநலச் சிகிச்சை என்றாலே ஊரை விட்டு விலக்கிச் சுவருக்குள் வைப்பதாகத்தான் இருந்தது. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் வழியை எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர்கள் நோயைப் புரிந்துகொண்டால் நோயாளி வீடு திரும்புவார் என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த படி கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்தது. 1980களின் நடுவில் நிம்ஹான்ஸ் அங்கே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே மனநல மருந்துகள் கிடைக்கச் செய்தது. 1982ல் தொடங்கியிருந்த தேசிய மனநலத் திட்டத்துக்கு இது ஒரு மாதிரியாக அமைந்தது. அதை வைத்து 1996ல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுத்தது திருச்சியை. இன்று சேலம் உட்பட மாவட்டந்தோறும் இந்தத் திட்டம் இருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும், உளவியலாளர், சமூகப் பணியாளர் போன்றோரும் அடங்கிய குழு, மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதன் அமைப்பு.

இதற்கிடையில் ஏர்வாடியை மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். ஆனால் தங்கள் ஊரில் எந்த உதவியும் இல்லாத குடும்பங்கள் அவை. 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருக்கு ஊரோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு என்று சொல்கிறது. குடும்பத்தோடு வாழ முடியவில்லை, குடும்பம் கைவிட்டுவிட்டது என்ற காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

நம் பையனிடம் திரும்புவோம். அவன் ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். மலைப்பகுதி என்பதால், வீடு வீடாகப் போகும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவும் இருப்பார். அங்கன்வாடி ஆயா, பள்ளி ஆசிரியர், மகளிர் குழுப் பெண்கள், தோட்டத்து மேஸ்திரி, ஊர்க்கவுண்டர், கோயில் பூசாரி எல்லாரும் இருக்கிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெருவாரியாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இவர்கள் பேசுவது தமிழ்தான். கல்யாணமோ தகராறோ, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது அங்கே இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. ஒத்துழைப்பு என்பதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கற்றுக்கொடுக்க வேண்டிய இடமில்லை அது.

செவிலியரோ ஆஷாவோ நோய்க்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. “தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? வேலைக்குப் போறானா? யாரிடமாவது பேசுறானா?” என்று கேட்டால் போதும். இந்த நாலு கேள்வியில் நிறைய வெளிவந்துவிடும். பிரசவமான பெண்ணிடமும் இதையே கேட்கலாம். குழந்தை பிறந்த சில வாரங்களில் வரும் மனச்சோர்வு பல வீடுகளில் ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பாள்’ என்று கடந்துபோய்விடுகிறது. தடுப்பூசி போட வரும் நாளில் தாயையும் ஒரு பார்வை பார்க்கக்கூடியவர் செவிலியர்தான்.

அடுத்த வேலை மருந்து நிற்காமல் பார்ப்பது. இதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் ‘இது கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். நம் பையனுக்கு வந்தது போன்ற மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரீனியா) அப்படியே எதிர்மாறாக, சீக்கிரம் தெளிந்துவிட்டதால் நிறுத்திவிடுவார்கள். தெளிந்த பிறகும் நீண்ட காலம் மருந்து தொடர வேண்டும். எவ்வளவு காலம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு காரணம் பக்கவிளைவு. சில மாத்திரைகளால் உடம்பு பெருக்கும், கை நடுங்கும், பகலில் தூக்கம் தள்ளும். சரிவில் நின்று காப்பி பறிப்பவனுக்குப் பகல் தூக்கம் சாதாரண விஷயமில்லை. அவனாகவே நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பான். அதனால் வீட்டுக்குப் போகிறவர் “மாத்திரை போட்டியா?” என்று மட்டும் கேட்டால், “போட்டேன்” என்றுதான் பதில் வரும். “மாத்திரை உடம்புக்கு என்ன பண்ணுது?” என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் டாக்டரிடம் போனால் அவர் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

சரி, மருந்து யார் கொண்டுவருவது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரலாம் என்பதை அது தமிழ்நாட்டுக்குப் பழக்கப்படுத்திவிட்டது. அதில் வேலை செய்யும் பெண்கள் பலர் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். டாக்டர் ஒருமுறை பார்த்து முடிவு செய்த மனநல மருந்துக்கும் இதே வழிதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. அந்த மருந்துப் பை வீட்டுக்குள் வந்தால், எந்த நோய்க்காக வந்தது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அது ஒரு பெரிய நிம்மதி.

பூசாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகாதே என்று சொன்னால் குடும்பம் நம்மை விட்டு விலகிப்போகும், கோயிலை விட்டு விலகாது. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் மனநோய் தீர வேண்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். இரண்டு இடங்களிலும் பிரார்த்தனையோடு சேர்த்து மருத்துவமும் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். சேர்வராயன் கோயிலிலோ, ஊரில் உள்ள மாரியம்மன் கோயிலிலோ பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும்: “சாமி கும்பிட்டாச்சு, திருநீறு வாங்கியாச்சு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் போய் வாங்க.” அதற்கு இருக்கும் மதிப்பு எந்த விளம்பரப் பலகைக்கும் இல்லை. பதிலுக்கு நாமும் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று பேசுவதை நிறுத்த வேண்டும். அடிப்பது, சூடு போடுவது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது என்று உடம்புக்குத் தீங்கு வரும் இடத்தில் மட்டும் சமரசமே கூடாது.

மேஸ்திரி செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். காலையில் அரைமணி தாமதமாக வந்தால் கூலியில் கை வைக்காமல் இருப்பது, ஆஸ்பத்திரி நாளில் விடுப்புக் கொடுப்பது, திரும்பி வந்த பையனை மறுபடி சேர்த்துக்கொள்வது. ஆனால் வேலை திரும்பக் கிடைப்பது பாதி மருந்து. சேலம் நகரத்துக்கு இது இன்னும் பொருந்தும். வெள்ளிக் கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளைப் பக்கத்துத் தறி என்று இங்கே நிறைய வேலை வீட்டோடும் தெருவோடும் சேர்ந்தே நடக்கிறது. நாள் முழுக்க முடியாதவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பிறகு மெல்லக் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. பட்டறைக்காரர் மனசு வைத்தால் போதும்.

போலீஸையும் மறக்க வேண்டாம். சேலம் ஜங்ஷன் போன்ற இடங்களில் மனநலம் குன்றி, வீடு தெரியாமல் அலைபவர்களைப் பார்க்கலாம். அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது. பார்ப்பவர்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும்போது இதைத் தெரிந்துகொண்டு சொன்னால் நல்லது.

இது பலன் தருமா?

தரும், ஆனால் அளவோடு. மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்துத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்று இடங்களில் ஒரு ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் அதை நடத்தியது, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984ல் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனம். ஒரு பிரிவினருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு பேசினார்கள். ஒரு வருஷம் கழித்து, வீட்டு உதவி கிடைத்தவர்களுக்கு அறிகுறிகளும் அன்றாடச் சிரமங்களும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. மருந்தைத் தொடர்வதிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். 2014ல் இது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ‘ஓரளவு’ என்றால், மகன் ராத்திரி தூங்குவதும் அம்மா பயமில்லாமல் வேலைக்குப் போவதும்தான். எனக்கு அது பெரிய பலனாகவே படுகிறது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஊர் சேர்ந்து கவனிப்பது என்பது ஊர் சேர்ந்து பேசுவதாக மாறிவிடலாம். மகளிர் குழுவில் சொன்ன வார்த்தை சாயந்தரத்துக்குள் குழாயடிக்குப் போய்விடும். அடுத்த வருஷம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அது திரும்பி வரும். இந்தப் பயத்தினாலேயே பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆகவே யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டும். செவிலியருக்கு மருந்து தெரியலாம். மேஸ்திரிக்கு ‘ராத்திரி மாத்திரையால் காலையில் கொஞ்சம் லேட்டாகும்’ என்பது மட்டும் போதும், அதுவும் பையன் சம்மதித்தால்தான். குழுவில் நோயாளியின் பெயரே வர வேண்டியதில்லை. தன் நோய் விவரம் வெளியே போகாமல் காக்கப்படுவது சட்டப்படியே அவனுடைய உரிமை. தனக்காக முடிவெடுக்க உதவும் ஆள் யார் என்று நல்ல நிலையில் இருக்கும்போதே அவன் எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. அவனைச் சுற்றி இத்தனை பேர் பேசும்போது, அவனிடம் கேட்காமலே எல்லாம் நடந்துவிடும் வாய்ப்பு அதிகம். நல்ல மனசோடு செய்தாலும் அது தவறுதான்.

பக்கத்தில் இருப்பவர்கள் தயங்கும் ஒரு விஷயம், உயிரை விடும் எண்ணத்தைப் பற்றிக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. “வாழவே வேண்டாம்னு தோணுதா?” என்று நிதானமாகக் கேட்பது, அடக்கிவைத்ததைச் சொல்ல ஒரு வழி திறந்துவிடுகிறது. தோன்றுகிறது என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முயற்சியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஊர் ஒத்துழைப்பு உயிரை நேரடியாகத் தொடும் இடம் அது. மிளகும் காப்பியும் காய்கறியும் விளையும் நம் மலையிலும் இதை யோசிக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை. 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. ஆபத்து உடனடி என்றால் 108.

சரி, ஒரு ஊர் இதைத் தொடங்க நினைத்தால் எங்கே தொடங்குவது? கிராம சபையில் தொடங்கலாம். இப்போது அது வருஷத்தில் ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2017 சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு தீர்மானம் போடலாம். மருந்து மலைமேலேயே கிடைக்க வேண்டும், மாவட்ட மனநலக் குழு ஏற்காட்டுக்கு வரும் நாள் எது என்று முன்கூட்டியே ஊருக்குத் தெரிய வேண்டும், பறிப்புக் காலத்தில் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று டாக்டர் பரிசீலிக்க வேண்டும். இந்த மூன்றையும் யார் பெயரையும் குறிப்பிடாமல் கேட்கலாம். நவம்பர் 1 கூட்டம் பறிப்பு சூடுபிடிக்கும் நேரத்தில் வருகிறது. அக்டோபர் 2 கூட்டத்திலேயே கேட்டுவிட்டால், ஏற்பாடு செய்ய மாவட்டக் குழுவுக்கும் கொஞ்சம் அவகாசம் இருக்கும்.